எழுபதுக்குக் கீழே

செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடுவாய் என்று மூன்று வாரம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். வந்தது உன் ஆபீஸ் முத்திரை குத்திய முகவரிச் சீட்டு மட்டும்தான். உடம்பு எப்படி இருக்கிறது? குளிர்காற்று உன் மூக்குக்கு ஆகாதே. நாங்கள் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம்.

கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வருஷத்துக்குக் கடிதம்தான் என்று சொல்கிற கம்பெனியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சோதனைக்கு வருகிற புதுக் கார்களைப் பற்றி வெளியே சொல்லிவிடுவீர்களாம்! உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க எங்களாலேயே முடிந்ததில்லை. அவசரமென்றால் ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "சாவுச் செய்தின்னா மட்டும் சொல்லுவோம்மா" என்றாள் அங்கே போனை எடுத்த பெண். நல்ல வாய்.

நம் காருக்கு வருகிறேன். அத்தான் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு சின்னக் கருவியைச் செருகி, புதிதில் இருந்த பேட்டரி பலத்தில் இப்போது எத்தனை சதவீதம் மிச்சம் என்று மாதாமாதம் குறித்து வைக்கிறார். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்த கை, எதையாவது அளக்காமல் இருக்காது. இந்த மாதம் எழுபத்திரண்டு. எட்டு வருஷ வாரண்டி வருகிற ஏப்ரல் முப்பதோடு முடிகிறது. அதற்குள் எழுபதுக்குக் கீழே இறங்கினால் கம்பெனியே புது பேட்டரி போட்டுத் தரும். இறங்காவிட்டால் நம் தலையெழுத்து.

ஆஸ்பத்திரி அறுபத்தெட்டு கிலோமீட்டர். திங்கள், புதன், வெள்ளி அத்தானுக்கு டயாலிசிஸ். முன்பு ஒரு சார்ஜில் இருநூற்று முப்பது ஓடிய வண்டி இப்போது போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற சார்ஜ் போடும் கம்பத்துக்குப் பழுதென்று மஞ்சள் நாடா சுற்றி ஒரு வருஷம் ஆகிறது. பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். அன்றைக்கு பஸ் நிலையத்தில் அவர் விழுந்ததை நீதான் பார்த்தாயே.

இந்தக் காரை வாங்கும்போது நீ இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தாய். அதுதானே உன் சம்மதம்! நான் பழைய தையல் மிஷின் வாங்கப் போனபோது கதவுக்குப் பின்னாலிருந்து "வேண்டாம்க்கா" என்றாய். நான் விட்டதும் அதை வாங்கிய வேறொரு வீட்டில் மறு வாரமே மோட்டார் புகைந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் அதுதான் சட்டம். நீ வேண்டாமென்றால் வேண்டாம். வாயைத் திறக்காவிட்டால் சரி. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

தலைக்குக் குல்லாய் போடு.

உன் அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வணக்கம். நான் சௌக்கியம். மூக்கு பரவாயில்லை.

இங்கே கடிதத்தை ஒட்டாமல் ஆபீசில் கொடுக்க வேண்டும். அவர்கள் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார்கள். அதனால்தான் தாமதம். வேலையைப் பற்றி எழுதக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எனவே எழுத அதிகம் இல்லை. என் அறையில் ஒரு ஜன்னல். வெளியே பனி, எல்லாமே வெள்ளை. சமையல்காரர் நல்ல மனிதர். எங்களில் ஊருக்குப் போய் வர அனுமதி அவர் ஒருவருக்குத்தான், அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

வாரண்டியில் எழுபது என்றால் எழுபதுதான். சரியாக எழுபது இருந்தாலும் தர மாட்டார்கள். அத்தானைத் தொடர்ந்து குறித்து வரச் சொல்.

அத்தானின் உடம்பைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே.

தம்பி


நவம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்து வரிக்கு மேல் எழுதியிருக்கிறாய், அடேயப்பா! நாங்கள் நலம். அத்தான் நலம். போதுமா?

எண் எழுபத்தொன்று. இங்கே நடக்கிற கூத்தைக் கேள். ஏழரை வருஷமாக அவர் அந்தக் காரை எப்படி வைத்துக்கொண்டார் என்று உனக்குத் தெரியும். எண்பதுக்கு மேல் சார்ஜ் ஏற்ற மாட்டார். வெயிலில் நிறுத்த மாட்டார். "உங்க ரெண்டாவது பெண்டாட்டிக்கு வியர்க்குது பாருங்க" என்று நான் கிண்டல் செய்வேன். இப்போது அது சீக்கிரம் கெட்டுப்போக வேண்டும் என்று இரண்டு பேரும் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். "தினமும் நூறு வரைக்கும் ஏத்தி வெயில்லயே நிறுத்துங்களேன்" என்றேன். அவர் சார்ஜர் வயரைச் சுருட்டி வைத்தார். "மனசு வரலம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆஸ்பத்திரி நாள் மட்டும்தான் நூறு.

போகும்போது அவர் ஓட்டுகிறார், வரும்போது நான். டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவருக்கு உடம்பெல்லாம் குளிரெடுக்கும். ஹீட்டர் போட்டால் பேட்டரி பத்தாது. அதனால் தைத்து மிஞ்சிய கனத்த திரைத்துணியில் உள்ளே பஞ்சு வைத்து ஒரு போர்வை தைத்திருக்கிறேன். பூப்போட்ட துணி. "பொண்ணு பார்க்கப் போற மாதிரி இருக்கு" என்கிறார். ஹீட்டர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுகிறார், நான் கேட்பதற்கு முன்பே.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன் அக்கா


ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எனக்கு நிற்க நேரமில்லை. அறுபத்தொன்பது! இன்று காலை. அத்தான் மூன்று முறை கருவியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். மூன்று முறையும் அறுபத்தொன்பது. நான் கைதட்டினேன். அவருக்கு மட்டும் முகம் கொஞ்சம் வாடியது. பெற்ற பிள்ளை ஃபெயிலானதுக்குக் கைதட்டின மாதிரி இருந்ததாம்.

சர்வீஸ் சென்டருக்குப் போனோம். நம் கருவி சொல்கிற எண்ணை அவர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அவர்களே ஒரு நாள் முழுக்க வைத்து அளக்க வேண்டும். மார்ச் மூன்றாம் தேதி கிடைத்திருக்கிறது. வரவேற்பில் இருந்த பெண் ஒன்று சொன்னாள். "டெஸ்ட்டுக்கு முன்னாடி புது சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுடுவோம் மேடம், அதுக்கு நீங்க கையெழுத்துப் போடணும்." அத்தானுக்கு ஏதோ உறுத்துகிறது. வாரண்டி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு புரட்டிக்கொண்டே இருக்கிறார். நான் சொல்லிவிட்டேன், "நம்ம வீட்டு ஆளு அந்தக் கம்பெனியிலேயே பேட்டரியோட குடும்பம் நடத்துறான். அவனைக் கேட்டா போச்சு" என்று.

அதனால் கேட்கிறேன். அப்டேட் போடலாமா? வேண்டாமென்றால் ஒரு வார்த்தை எழுது. உன் கடிதம் வருகிறவரை கையெழுத்துப் போடமாட்டேன்.

தம்பி, இந்த பேட்டரி வந்தால் அவர் ஹீட்டர் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரலாம். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வணக்கம். நான் நலம். உன் கடிதம் கிடைத்தது.

இங்கே குளிர் அதிகம். கதவுக் கைப்பிடியில் கையுறை ஒட்டிக்கொள்கிறது. எனக்குப் புது பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள், ஒரு அளவு பெரியது, இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள்கிறேன். சமையல்காரர் காரத்தைக் குறைத்துவிட்டார். பக்கத்து அறைக்காரர் போன வாரம் திடீரென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் ஜன்னலில் வைத்திருந்த செடி இப்போது என் அறையில் இருக்கிறது.

அத்தானுக்கு எடை எவ்வளவு இருக்கிறது? பசி எடுக்கிறதா? பூப்போட்ட போர்வையைப் பற்றி நினைத்துச் சிரித்தேன்.

நீயும் ஓய்வெடு.

தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள என் ஊமைக்கோட்டானுக்கு,

கடிதம் நேற்று வந்தது. பூட்ஸ், காலுறை, செடி என்று ஊர்க்கதையெல்லாம் எழுதியிருக்கிறாய், அப்டேட் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சிரித்துவிட்டேன். உன்னை எனக்குத் தெரியாதா? சரி, புரிந்தது. அத்தானிடமும் சொல்லிவிட்டேன். மார்ச் மூன்று காலையில் கையெழுத்துப் போடுகிறேன்.

செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதே. நாங்கள் நலம்.

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே எப்போதும்போல்.

எழுபத்தைந்து என்று வந்துவிட்டது. அப்டேட் போட்டு, அளந்து, காகிதம் அடித்துக் கொடுத்தார்கள். நான் மெக்கானிக்கைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "எப்படிங்க ஏறும்? தேய்ஞ்சது எப்படித் திரும்ப வளரும்?" அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் மேடம். மெஷின் சொல்றதுதான் கணக்கு." அத்தானின் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். எட்டு வருஷம், பென்சிலில், ஒரு மாதம் விடாமல். வரவேற்புப் பெண் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தாள். "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு சார்" என்றாள்.

ஏப்ரலுக்குள் மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். ஒரு வாரண்டிக்கு ஒரு முறைதானாம்.

வரும்போது அத்தான் ஹீட்டரைப் போட்டார். "எழுபத்தஞ்சு இருக்கே, போடலாமே" என்றார். பாதி வழியில் அவரே அணைத்துவிட்டார்.

உன் அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வணக்கம். நான் நலம். எண்ணைக் கேட்டு மிகவும் வருத்தமாக இருந்தது. மேலதிகாரிக்கு எழுதிப் பார். தேதி போட்டு, நகல் எடுத்து வைத்துக்கொள்.

என்னால் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்.

தம்பி


ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

நீண்ட நாளாக எழுதவில்லை. நலமா? வாரண்டி முடிந்த அன்று அத்தான் நோட்டுப் புத்தகத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு மூடிவிட்டார். மேலதிகாரியிடமிருந்து பதில் வந்தது, என் பெயரைத் தப்பாக எழுதி.

இப்போது அறுபத்தாறு. ஏறினதைவிட வேகமாக இறங்கிவிட்டது. போன வெள்ளிக்கிழமை பாலத்து வேலையென்று வண்டிகளை வேறு வழியில் சுற்றி விட்டார்கள். வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது நின்றுவிட்டது. முன்பெல்லாம் பூஜ்யம் காட்டினாலும் வீடு வரை ஊர்ந்து வந்து சேரும். இப்போது பூஜ்யமென்றால் பூஜ்யம். அவர் பின்சீட்டில் போர்வைக்குள் இருந்தார். ஜூன் மாதத்தில் பல் கிடுகிடுத்தது. நான் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்று போகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டினேன். கோபத்தில் அந்தக் காரை ஒரு உதை உதைத்தேன். "அதை ஏம்மா உதைக்கிற, அது என்ன பண்ணும்?" என்றார்.

இழுத்துப் போக வந்த வண்டிக்காரர் வயதானவர், நல்லவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரே சொன்னார். "பேட்டரிக்கு அடியில கொஞ்சம் யார் கண்ணுக்கும் காட்டாம ஒதுக்கி வச்சிருப்பாங்கம்மா. இந்த அப்டேட் அதைத் திறந்து விட்டுடும். கொஞ்ச நாளைக்கு எண் ஏறும். அப்புறம் அதுவும் போயிடும். பழைய வண்டி எல்லாத்துக்கும் இதைத்தான் போட்டாங்க." அரிசி டின்னில் அடியில் எடுத்து வைத்ததையும் கொட்டி, டின் நிறைய இருக்கிறது என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

இது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாய். அதைத்தான் அத்தானிடமும் சொன்னேன்.

உன் அக்கா


ஜூலை 10

அக்கா,

இந்தக் கடிதம் ஆபீஸ் வழியாக வரவில்லை. சமையல்காரர் ஊருக்குப் போகிறார், அவர் சட்டைப்பைக்குள் வருகிறது. அதனால் முதல் முறையாக இருப்பதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். அந்த அப்டேட்டைப் பழைய கார்களில் போட்டு இங்கே சோதித்தவர்களில் நானும் ஒருவன். நம் கார் மாதிரியே வெள்ளைக் கார், அதே வருஷத்தது. ஆறு சதவீதம் ஏறியது. அறிக்கையில் "முன்னேற்றம்" என்று நான்தான் எழுதினேன், என் கையால்.

நீ கேட்டபோது பயந்துவிட்டேன். பக்கத்து அறைக்காரர் தன் மைத்துனருக்கு இதைத்தான் எழுதினார். கடிதத்தைப் படித்த அன்றே மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள், அத்தோடு வழக்கு. அதனால் ஒன்றும் எழுதாமல் விட்டேன். என் மௌனத்தை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்தேதான் பூட்ஸைப் பற்றி எழுதினேன்.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றே ஒரு கடிதம் எழுதினேன். மறுநாள் சமையல்காரர் கிளம்பும்போது, "தபால் ஏதாவது இருக்காப்பா?" என்று என்னிடம் வந்து கேட்டார். என் கை சட்டைப்பைக்குள் அந்தக் கடிதத்தின் மேல்தான் இருந்தது. "இல்லண்ணே" என்றேன். அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. அத்தான் எப்படி இருக்கிறார்? உண்மையைச் சொல்.

தம்பி


பிப்ரவரி 17

அக்கா, வேண்டாம். அப்டேட் போடாதே, கையெழுத்துப் போடாதே. வாரண்டி புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கம் கடைசிப் பத்தியைக் காட்டு. வண்டியில் ஏற்கெனவே இருக்கிற சாஃப்ட்வேரோடேயே அளந்து தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அவர்கள் மறுக்க முடியாது. வேண்டாம் அக்கா.


ஆகஸ்ட் 1

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. சின்னதைத்தான் முதலில் படித்தேன்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்ததும் எனக்குத் திட்ட யோக்கியதை இல்லாமல் போய்விட்டது. அந்தப் பக்கத்தை அத்தான் ஜனவரியிலேயே கண்டுபிடித்தார். பென்சிலால் கோடு போட்டு, டயாலிசிஸ் நாற்காலியிலிருந்தே எனக்குக் காட்டினார். "இதைக் கேட்டுப் பார்க்கலாமே" என்றார். உன் கடிதம் வந்த பிறகும் ஒரு தரம் சொன்னார். நான்தான், "தம்பி ஒண்ணும் சொல்லலையே. தப்புன்னா அவன் சும்மா இருப்பானா? உங்களைவிட அவனுக்குத் தெரியாதா?" என்று அவர் வாயை அடைத்தேன். மார்ச் மூன்றாம் தேதி பேனா மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்ததே அவர்தான். இன்றுவரை அதை ஒரு முறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டினாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறும்.

நலம் நலம் என்று ஒரு வருஷமாக உனக்குப் புளுகினேன். உண்மையைக் கேட்கிறாய், சொல்கிறேன். எடை நாற்பத்தொன்பது. மாடிப்படி ஏற முடியவில்லை, கட்டிலை என் தையல் அறைக்கு இறக்கிவிட்டேன். கால் வீங்கியிருக்கிறது, மூச்சு இழுக்கிறது. காரை நம்பி இனிமேல் அவரைக் கூட்டிப்போக எனக்குத் தைரியம் இல்லை. அது வாசலில் நிற்கிறது, சாயங்காலம் அவர் அதற்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். ஆஸ்பத்திரி வேன் நம் பக்கம் திங்களும் வியாழனும் மட்டும்தான் வருகிறது. அதனால் இப்போது வாரம் இரண்டு முறை. "மூணு தடவை கட்டாயம்மா, இவருக்கு ரெண்டு பத்தாது" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மூன்றாவது நாளுக்கு நான் எந்த வண்டியைக் கொண்டு வருவேன்? அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கேட்டாயிற்று. ஒரு வாரம் முடியும், மறு வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கிவிடலாம் என்று நான் சொல்கிறேன். ஒற்றை அறைதான், தையல் மிஷின் போட இடம் இருக்கிறது, நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். "ரெண்டு தடவையே போதும்மா, எனக்கு ஒண்ணும் தெரியலை. நீ இந்த வயசுல வீட்டை விட்டுட்டு எங்கே அலையப் போற?" என்கிறார். பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நேற்று நான் அழுததைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார்.

"சரி, உன் தம்பியைக் கேளு. ரெண்டு தடவை போதாதுன்னு அவன் சொன்னா கிளம்பலாம். ஒண்ணும் சொல்லலைன்னா இப்படியே இருக்கட்டும்."

உன் கடிதத்தை நான் அவருக்குக் காட்டவில்லை. உனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. எட்டு வருஷம் எல்லாவற்றையும் அளந்து பார்த்தவர், உன்னை மட்டும் அளக்காமல் நம்புகிறார்.

தம்பி, இந்தத் தடவை எழுது. பூட்ஸைப் பற்றி எழுதாதே, செடியைப் பற்றி எழுதாதே. அந்த ஒரு வார்த்தையைப் பெரிதாக, அவர் கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி எழுது. இதை யார் படித்தாலும் உன்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

கடிதம் உன்னிடம் வர இரண்டு வாரம், உன் பதில் இங்கே வர இரண்டு வாரம். வேன் இன்று வராது. நாளையும் வராது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா